கெய்ரோவா, படூக்காவா?

அமெரிக்காவில், ஒஹாயோ ஆற்றங்கரையில் சுமார் 50 கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு ஊர்கள். எதைப் பார்க்கப் போகலாம்? இல்லினாய் மாநிலத்தின் தென்முனையில் கெய்ரோ (உள்ளூர்க்காரர்கள் வாயில் அது ‘கேரோ’), கென்டக்கியில் படூக்கா.

இட அமைப்பில் கெய்ரோவுக்குத்தான் யோகம். ஒஹாயோ மிசிசிப்பியில் கலப்பது இங்கேதான். கூடுமிடத்தில் நீர் அதிகம் கொண்டுவருவது ஒஹாயோ. பெயரைத் தட்டிக்கொண்டு போவதோ மிசிசிப்பி! முனையில் நின்றால் இரு நிற நீரும் உடனே கலக்காமல் பக்கத்தில் பக்கமாக ஓடுவது தெரியும். ஊருக்குள் நுழையும் நெடுஞ்சாலைக்கு மேல் ராட்சத இரும்புக் கதவு ஒன்று தொங்குகிறது. வெள்ளம் வந்தால் அதை இறக்கி ஊரை அடைத்துவிடுவார்கள்.

படூக்காவில் ஒஹாயோவுடன் சேர்வது டென்னசி ஆறு. 1937 வெள்ளம் இந்த ஊரை மூழ்கடித்தது. பிறகு எழுப்பிய தடுப்புச்சுவரில் இப்போது ஊர் வரலாறு ஓவியமாக இருக்கிறது. துணித் துண்டுகளை ஒட்டித் தைக்கும் ‘குவில்ட்’ விரிப்புகளுக்குத் தேசிய அருங்காட்சியகமும் உண்டு.

கெய்ரோவைச் சாய்த்தது வெள்ளம் மட்டுமல்ல. ரயில் பாலங்கள் வந்ததும் படகுத்துறை வேலை போயிற்று. 1969-இல் கறுப்பின மக்கள் கடைகளைப் புறக்கணித்தபோது, அவர்களை வேலைக்கு வைப்பதைவிடக் கடையை மூடுவதே மேல் என்று பல வெள்ளை முதலாளிகள் முடிவு செய்தார்கள். 1920-இல் 15,000-ஐத் தாண்டிய மக்கள்தொகை 2020-இல் 1,733. படூக்காவில் 27,000 பேர்.

தங்கவும் சாப்பிடவும் படூக்கா. எனக்கு ஒரே ஒரு பகல்தான் என்றால், கெய்ரோவுக்கே போவேன்.