ட்வின் இன்-டேங்க் பம்ப் கிட்: பம்ப் சரி, ஒயரும் ஹோஸும்?

பவர் கூட்டிய டர்போ கார்களுக்காக, இரண்டு வால்ப்ரோ 255 பெட்ரோல் பம்பை (மணிக்கு 255 லிட்டர் ரகம்) ஒரே ஹேங்கரில், அதாவது தாங்கியில், பூட்டி டேங்குக்குள் இறக்கும் கிட் இது. வாங்குமுன் ஒரு கணக்கு. டர்போ என்ஜின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறக்குறைய 0.37 லிட்டர் குடிக்கும். 400 குதிரைக்கு 150 லிட்டர்தான். சென்னை பங்கில் கிடைக்கும் இ20-க்காக (20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்) 8 சதவீதம் கூட்டினாலும் ஒற்றை 255 தாங்கும். ஆனால் 3 பார் பேஸ் பிரஷரோடு (பூஸ்ட் இல்லாதபோதுள்ள பெட்ரோல் அழுத்தம்) 1.5 பார் பூஸ்ட், அதாவது டர்போ தரும் காற்றழுத்தம், சேர்ந்தால் பம்ப் 4.5 பாரை எதிர்த்துத் தள்ள வேண்டும், ஓட்டம் குறையும். 500-ஐத் தொடும்போதுதான் இரண்டாவது பம்ப் பற்றி யோசிக்கலாம். ஆக்டேவியா விஆர்எஸ் மாதிரி டைரக்ட் இன்ஜெக்ஷன் வண்டியில் (பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சுவது) பெரும்பாலும் முதலில் கை விரிப்பது என்ஜினில் இருக்கும் ஹை பிரஷர் பம்ப். அங்கே இந்தக் கிட் தண்டச் செலவு.

பம்பில் குறை சொல்ல அதிகமில்லை (ஒரிஜினலாக இருந்தால், போலி நிறைய உலவுகிறது). பேஸ் பிரஷரில், மிஞ்சிய பெட்ரோல் டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் லைனை கேனில் விட்டு, 13.5 வோல்ட்டில் 30 நொடி ஓட்டினால் ஒரு பம்ப் 2 லிட்டருக்குக் குறையாமல் தர வேண்டும்.

ஏமாறுவது ஹோஸில். புதுப்பேட்டையில் மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் சாதாரண ஃபியூயல் ஹோஸ், உள்ளே மட்டும் பெட்ரோல் ஓடுவதற்காகத் தயாரித்தது. பெட்ரோலில் முழுகிக் கிடந்தால் வெளித்தோல் ஊறி உப்பி, கிளாம்ப் பக்கத்தில் கிழியும். பம்ப் ஜம்மென்று சுற்றும், பெட்ரோல் டேங்குக்குள்ளேயே கொட்டும். 30ஆர்10 (பெட்ரோலில் முழுகிக் கிடக்கும் ஹோஸுக்கான தரக் குறியீடு) என்று அச்சிட்டதை மட்டும் போடுங்கள்.

கம்பெனி ஒயரில் இரண்டையும் இழுக்கக் கூடாது. பேட்டரியிலிருந்து 6 சதுர மில்லிமீட்டர் ஒயர், பம்புக்கு ஒரு ரிலே, ஒரு 20 ஆம்பியர் ஃபியூஸ், கனமான எர்த். ஏசி, ஃபேன், ஹெட்லைட் எல்லாம் போட்டுவிட்டு பம்ப் கனெக்டரில் அளந்தால் பேட்டரியைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறையக் கூடாது. டேங்க் மூடியில் ஓட்டை போட்டு ஒயரை விட்டு சிலிக்கான் பூசும் வேலையை அனுமதிக்கவே அனுமதிக்காதீர்கள். பெட்ரோல் பட்டால் அது பிடிப்பு விட்டுவிடும்.

இரண்டும் எந்நேரமும் ஓடினால் பெட்ரோல் சுற்றிச் சுற்றி வந்து சூடேறும். மே மாத ஜிஎஸ்டி ரோடு நெரிசலில் கேட்கவே வேண்டாம். ஐடிலில் ரிட்டர்ன் லைன் போதாமல் பிரஷர் 3 பாரைத் தாண்டவும் செய்யும். அதனால் இரண்டாவதை ஹாப்ஸ் ஸ்விட்ச் (அழுத்தம் ஏறினால் தானே ஆன் ஆகும் ஸ்விட்ச்) வழியாக 0.5 பார் பூஸ்ட்டில் எழுப்புவதே மேல். ஒவ்வொரு பம்புக்கும் ஒரு பக்கம் மட்டும் வழி விடும் செக் வால்வ் கட்டாயம். இல்லையேல் முதல் பம்ப் தள்ளுவது தூங்கும் பம்ப் வழியாக டேங்குக்கே திரும்பும். இதில் ஒரு ஆபத்தும் உண்டு. இரண்டாவது பம்ப் செத்தாலும் ஊருக்குள் ஓட்டும்போது தெரியாது. முழு பூஸ்ட்டில் லீன் ஆகி (காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லாமல்) பிஸ்டன் போகும்போதுதான் தெரியும். இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் பிரியும் ஃபியூயல் ரெயிலில் பிரஷர் சென்சார் வைத்து, பிரஷர் விழுந்தால் ஈசியு (என்ஜின் கம்ப்யூட்டர்) பூஸ்ட்டை வெட்டும்படி டியூனரிடம் கேட்டு வாங்குங்கள்.

இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்குப் போகிறவர்கள் கால் டேங்கோடு இறங்க வேண்டாம். இரண்டு பம்பும் சேர்ந்து, டேங்குக்குள் பம்பைச் சுற்றி பெட்ரோலைத் தேக்கும் பக்கெட்டைச் சீக்கிரம் காலி செய்துவிடும். நீண்ட வளைவில் பெட்ரோல் ஓரம் ஒதுங்கினால் உறிஞ்சுவது காற்றைத்தான்.