கனவில் பாய்கிறவருக்குக் கட்டிலா, தரை மெத்தையா?

கனவில் திருடனைத் துரத்தினால் நிஜமாகவே காலை வீசுகிறவர் அப்பா. அவருக்காகக் கட்டிலையும் பார்த்தாயிற்று, தரை மெத்தையையும் பார்த்தாயிற்று. நான் மெத்தைக் கட்சி.

கனவு வரும் தூக்கத்தில் கை கால் அசையாதபடி மூளை தசைகளைக் கட்டிப்போட்டிருக்கும். அந்தக் கட்டு அவிழ்ந்தால் கனவில் செய்வதை உடம்பும் செய்யும். 1986-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஷென்க், மஹோவால்ட் என்ற மருத்துவர்களின் குழுவினர் இதைத் தனி நோயாகப் பதிவு செய்தார்கள்; REM தூக்க நடத்தைக் கோளாறு என்று பெயர். ஐம்பது தாண்டிய ஆண்களிடம்தான் அதிகம் தெரிகிறது.

கட்டிலின் வசதி சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விழாமல் இருக்கப் பக்கத்தில் கம்பித் தடுப்பு போடலாம் என்பார்கள். தூக்கத்தில் புரண்டு விழுகிறவருக்கு அது சரி. அப்பா புரள்வதில்லை, பாய்கிறார். விடியற்காலையில் "புடிடா அவன!" என்று எழும்பியவரின் முழங்கால் கம்பி நடுவே மாட்டிக்கொள்ள, உடம்பு வெளியே சாய்ந்துவிட்டது. தடுப்பைத் தாண்டிக் குதித்தால் விழுகிற உயரமும் கூடும். தரை மெத்தையில் விழுவதற்கு உயரமே இல்லை. எனக்கு இந்த ஒன்றே போதும். சுவரை விட்டுத் தள்ளிப் போட்டு, ஸ்டூல், சொம்பு, ஸ்டாண்டு ஃபேன் எல்லாவற்றையும் அறையை விட்டே எடுத்தோம். அம்மாவுக்கு அடுத்த அறையில் படுக்கை; அப்பா கையில் அடி வாங்கியது போதும்.

மெத்தையில் தொல்லை இல்லாமலில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் கடலூர் வீட்டுத் தரையெல்லாம் ஓதம் ஏறும். அடியில் கோரைப்பாய் போட்டு, தினமும் காலையில் மெத்தையைத் தூக்கிச் சுவரில் சாய்த்து வைக்க வேண்டும். இலவம்பஞ்சு கனம், அம்மாவால் முடியாது, அதனால் ஃபோம். அப்பா கையூன்றி எழச் சுவரில் ஒரு கைப்பிடியும் அடித்தோம்.

இரண்டுமே மருந்து ஆகாது. நரம்பியல் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். போகும்போது சாப்பிடுகிற மாத்திரை எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளே இதைத் தூண்டிவிடும். மெலடோனின் அல்லது குளோனசெபாம் எழுதித் தருவார்கள். குளோனசெபாம் வயதானவர்களுக்குத் தள்ளாட்டம் தரலாம், ராத்திரி எழுந்து பாத்ரூம் போகிறவர் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள்.

இந்தக் கோளாறு உள்ளவர்களில் பலருக்குப் பல வருடம் கழித்து பார்க்கின்சன் வருகிறது. அப்பாவுக்கு இன்னும் விறைப்பு, நடுக்கம் எதுவும் இல்லை. வந்துவிட்டால் தரையிலிருந்து எழுப்புவது எப்படி இருக்கும் என்று எனக்கு அனுபவம் கிடையாது. அப்போது என் கட்சி மாறலாம். பழைய கட்டிலை விற்காமல் வைத்திருக்கிறேன். கால்களை அறுத்துத் தாழ்த்திக் கொடுக்க முடியுமா என்று ஆசாரியிடமும் கேட்டிருக்கிறேன்.