மாஸ்டடானா, ப்ளூஸ்கையா: காலி செய்யும் நாளை வைத்துப் பாருங்கள்

ட்விட்டரை (இப்போது எக்ஸ்) விட்டு வந்த பிறகு, அதைப் போலவே சிறு பதிவுகள் எழுதும் சமூக வலைத்தளங்களான மாஸ்டடான், ப்ளூஸ்கை இரண்டிலும் கணக்கு தொடங்கினேன். இப்போது தினமும் திறப்பது மாஸ்டடானை மட்டும்தான். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லோரும் சொல்லும் வித்தியாசங்களைச் சீக்கிரம் முடித்துக்கொள்வோம். ட்விட்டர் பழகியவருக்கு ப்ளூஸ்கையில் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை. மாஸ்டடானோ ஒரே நிறுவனத்தின் தளம் அல்ல, வெவ்வேறு ஆட்கள் நடத்தும் பல சர்வர்கள் சேர்ந்த வலை. அதனால் வாசலிலேயே 'எந்த சர்வர்?' என்று கேட்டுப் பலரைத் திருப்பி அனுப்பிவிடும். பதிவுக்கு ப்ளூஸ்கையில் 300 எழுத்து, மாஸ்டடானில் வழக்கமாக 500. ட்விட்டர் 'கி'யை இரண்டு எழுத்தாக எண்ணும், ப்ளூஸ்கை ஒன்றாகத்தான் எண்ணுகிறது. அதனால் தமிழில் எழுதுகிறவருக்கு அந்த 300 அவ்வளவு குறைவும் இல்லை. யாரோ செய்துவைத்த ஃபீடுகளில் (தலைப்புவாரியாகத் திரட்டிய பதிவு வரிசைகளில்) பிடித்ததைச் சேர்த்துக்கொள்ளும் வசதியிலும் என் ஓட்டு ப்ளூஸ்கைக்கே.

ஆனால் நான் முடிவெடுத்தது இவற்றை வைத்து அல்ல. வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் தண்ணீர் வருமா, பஸ் ஸ்டாப் பக்கமா என்றெல்லாம் விசாரிப்போம். காலி செய்யும்போது அட்வான்ஸ் ஒழுங்காகத் திரும்புமா என்று கேட்கத் தோன்றாது. எனக்கு அந்த நாள் வந்தது.

நான் முதலில் சேர்ந்திருந்த மாஸ்டடான் சர்வரை ஒருவர் தனியாளாகக் கைக்காசு போட்டு நடத்திவந்தார். கட்டுப்படியாகவில்லை, மூன்று மாதத்தில் மூடுகிறேன் என்று ஒரு நாள் அறிவித்துவிட்டார். வேறொரு சர்வரில் கணக்கு தொடங்கி, 'இதுதான் என் பழைய முகவரி' என்று அதில் பதிந்தேன். அப்புறம் பழைய கணக்கின் அமைப்புகளுக்குப் போய் இடமாற்றம் கொடுத்தேன். என்னைப் பின்தொடர்ந்தவர்கள் விரலைக்கூட அசைக்கவில்லை. இரண்டு நாளில் பெரும்பாலோர் தானாகப் புதுக் கணக்குக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். நான் பின்தொடர்பவர்களின் பட்டியலை சிஎஸ்வி கோப்பாக (எளிய அட்டவணைக் கோப்பு) இறக்கிப் புது சர்வரில் ஏற்றினேன். ஹவுஸ் ஓனர்தான் மாறினார், அக்கம்பக்கம் அப்படியே இருந்தது.

என் பதிவுகள் மட்டும் வரவில்லை. மொத்தமாக இறக்கி வைத்துக்கொள்ளலாம், புது சர்வரில் ஏற்ற வழியில்லை. இடமாற்றத்தைப் பழைய கணக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது இன்னொரு சிக்கல். சர்வர் சொல்லாமல் கொள்ளாமல் படுத்துவிட்டால் பின்தொடர்ந்தவர்கள் போனது போனதுதான். அந்த மனிதர் மூன்று மாத அவகாசம் கொடுத்தாரே, அது என் அதிர்ஷ்டம்.

வடிவமைப்பை மட்டும் பார்த்தால் இதில் ப்ளூஸ்கை ஒரு படி மேலேதான். அது இயங்கும் விதிமுறையான ஏடி ப்ரோட்டோகாலில் நம் அடையாளம் சர்வரோடு ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. பதிவுகள், பின்தொடர்பவர்கள் என எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு வேறு சர்வருக்குப் போய்விடலாம். ஆனால் எங்கே போவது? பெரும்பாலான கணக்குகள் ப்ளூஸ்கை என்ற அந்த ஒரே நிறுவனத்தின் சர்வர்களில்தான் இருக்கின்றன. கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள், தெருவில்தான் வேறு வீடுகள் குறைவு. அந்த நிறுவனமும் முதலீட்டாளர் பணத்தில் நடப்பது, 2024 அக்டோபரில் 1.5 கோடி டாலர் திரட்டியது. பணம் போட்டவர் ஒரு நாள் லாபம் கேட்பார். அது தப்பில்லை, ஆனால் அந்தக் கதையை ட்விட்டரில் பார்த்துவிட்டுத்தானே கிளம்பி வந்தோம்?

ப்ளூஸ்கையிலிருந்து வேறு சர்வருக்கு நான் மாறிப் பார்த்ததில்லை. மாறிய நண்பர் ஒருவர், ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிட்டது என்றார். அவருக்கு வேலையே சர்வர் பராமரிப்புதான், அதனால் அந்த ஒரு சாயங்காலத்தை அப்படியே நம்ப முடியவில்லை.

தனியுரிமை என்று வந்தால், ரகசியம் பேச இரண்டுமே இடமில்லை. இரண்டிலும் தனிச்செய்திகளுக்கு சிக்னல் செயலியில் இருப்பது போன்ற, அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கக்கூடிய முனைக்கு முனை மறையாக்கம் கிடையாது. சர்வர் நடத்துபவர் நினைத்தால் படிக்கலாம். ஆனால் மாஸ்டடானில் கணக்கைப் பூட்டி, நாம் அனுமதித்தவர்கள் மட்டும் பின்தொடரும்படி வைக்கலாம். பதிவையும் அவர்களுக்கு மட்டும் காட்டலாம். ப்ளூஸ்கையில் அப்படி ஒரு பூட்டே இல்லை, யாரை பிளாக் செய்தோம் என்பதுகூட வெளியே தெரியும். தங்கை தன் மகளின் அரங்கேற்றப் படங்களை எதில் போடலாம் என்று கேட்டபோது எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

நீங்கள் படிக்க விரும்புகிறவர்கள் எல்லாம் ப்ளூஸ்கையில்தான் எழுதுகிறார்கள் என்றால், சரி, அங்கேயே போங்கள். ஆளில்லாத ஊரில் நல்ல வீடு கிடைத்து என்ன பயன்? பிரிட்ஜி ஃபெட் என்ற பாலமும் இருக்கிறது. இரு பக்கத்தாரும் அதில் இணைந்துகொண்டால், இங்கிருந்தே அங்குள்ளவரைப் பின்தொடரலாம். நான் அப்படி நாலைந்து பேரைத்தான் படிக்கிறேன், அவர்கள் வரையில் ஒழுங்காக வேலை செய்கிறது.

இப்போதைய சர்வருக்கு மாதம் 2 யூரோ நன்கொடை போகிறது. முதல் தேதி வீட்டு வாடகை அனுப்பும்போதே அதையும் அனுப்பிவிட்டு, அந்த சிஎஸ்வி கோப்பையும் மறக்காமல் இறக்கி வைத்துக்கொள்கிறேன்.