வேலூரை விட்டுக் கடலோரம் போவதென்றால் எந்தக் கரை?

அக்னி நட்சத்திரத்தில் சத்துவாச்சாரியிலோ காட்பாடி காந்தி நகரிலோ மத்தியானம் குழாயைத் திறந்து கையைச் சுட்டுக்கொண்டவர்களுக்கு, கடலோரமாக ஒரு வீடு இருந்தால் என்ன என்று தோன்றாமல் இருக்காது. பகலெல்லாம் வாங்கிய சூட்டை இந்தப் பாறை மலைகள் ராத்திரியில் திருப்பிக் கொடுக்கும் ஊர் இது. ஓய்வூதியப் பணம் கைக்கு வருகிற வயதில் அந்த எண்ணம் மனை பார்க்கக் கிளம்புவதில் முடிகிறது. கிளம்புவது பெரும்பாலும் மே மாதம். மே மாதத்தில் எந்தக் கடற்கரைதான் நன்றாக இல்லை?

நான் மூன்றே கேள்விகளை வைத்துக் கரைகளைப் பார்க்கிறேன். கார்த்திகை மழையில் அந்தத் தெரு எப்படி இருக்கும்? நெஞ்சு வலித்தால் எங்கே ஓடுவது? வேலூரில் ஒரு நல்லது கெட்டது என்றால் அன்றைக்கே வந்து சேர முடியுமா? இரண்டாவது கேள்வி நமக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உறுத்தும். வங்காளத்திலிருந்து ரயிலேறி வந்து நம்மூர் சி.எம்.சி. மருத்துவமனை வாசலில் காத்திருக்கிறார்கள், நாம் ஆட்டோவில் போய்விட்டு வருகிறோம். இந்த வசதியை விட்டுவிட்டுப் போகிறோம் என்பது காற்று வாங்கும்போது நினைவுக்கு வராது.

தூரத்தில் முந்துவது மாமல்லபுரம் – கல்பாக்கம் பகுதி. காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் போனால் சென்னை நெரிசலைத் தொடவே வேண்டாம். நம்முடைய பாலாறே அந்தப் பக்கம் வயலூர் அருகேதான் கடலில் சேர்கிறது. செங்கல்பட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஆனால் சென்னைப் பணம் வார இறுதி வீடுகளாக அங்கே இறங்கி மனை விலையை ஏற்றிவிட்டது. தண்ணீரும் இழுபறிதான். கடலோர மணலில் மழைநீர் நல்ல நீராக, அடியிலுள்ள உப்பு நீரின்மேல் மிதந்து நிற்கிறது. பக்கத்துப் பங்களாக்காரர் போர்வெல் போட்டு அளவில்லாமல் இறைத்தால் உங்கள் கிணற்றிலும் உப்பு ஏறும். நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்க 2013-இல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் ஆலையும், 2024-இல் 15 கோடி லிட்டர் ஆலையும் வந்தன. அந்தத் தண்ணீர் போவது சென்னை மாநகருக்கு.

என் ஓட்டு புதுச்சேரிக்கு. ஆரணி, வந்தவாசி, திண்டிவனம் வழியாக அரை நாளுக்குள் போய்விடலாம். கோரிமேட்டில் மத்திய அரசின் ஜிப்மர் மருத்துவமனை இருக்கிறது, சி.எம்.சி.யை விட்டு வருகிறவருக்கு மனசு ஆறுகிற இடம் இந்தக் கரையில் இது ஒன்றுதான் என்பேன். நடந்து போய்க் காய்கறி வாங்கலாம், சாயங்காலம் கடற்கரைச் சாலையில் வயசானவர்களோடு உட்காரலாம். கார் இல்லாமல் வாழ முடிகிற கடலோர ஊர் இது.

ஆனால் புதுச்சேரியில் எந்தப் பக்கம் என்பதில்தான் சூட்சுமம். நம் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்ந்துகொண்டே இருக்கிறது. நடுவில் துறைமுகச் சுவரோ, கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல்சுவரான தூண்டில் வளைவோ கட்டினால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை கரையும். சென்னைத் துறைமுகம் வந்த பிறகு மெரினா அகன்றதும், ராயபுரம் பக்கம் கடல் உள்ளே வந்ததும் இதனால்தான். புதுச்சேரியில் 1980-களின் கடைசியில் துறைமுகச் சுவர்கள் எழுந்தபின் ஊரின் மணற்கரையே போய், பாறாங்கல் கொட்டிக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. பிற்பாடு கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்துக் கொஞ்சம் மணலை மீட்டார்கள். வடக்கே கோட்டக்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் மீனவர்கள் இன்னும் அலையோடு மல்லுக்கு நிற்கிறார்கள். ஆகவே கடலோர மனை எங்கே பார்த்தாலும் தெற்கே என்ன கட்டியிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். தரகர் இதைச் சொல்லமாட்டார்.

புயலுக்கும் இந்த ஊர் வாகானது. 2011 டிசம்பர் 30-இல் ‘தானே’ புயல், 2024 நவம்பர் கடைசியில் ‘ஃபெஞ்சல்’ புயல். ஃபெஞ்சலில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் மாதிரி தாழ்ந்த இடங்களில் சாதாரண மழைக்கே தண்ணீர் நிற்கும். லாஸ்பேட்டை, கோரிமேடு போன்ற மேட்டுப் பகுதிகளில் பாருங்கள். கடல் தெரியாது, சரி. காற்று வரும், ஜன்னல் கிரில்லும் ஏசியின் வெளிப்பெட்டியும் சீக்கிரம் துருப்பிடிக்காது. ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும்: வேலூர் வெயில் சுடும், கடலோர வெயில் பிசுபிசுக்கும். மேற்குக் காற்று பலமாக இருக்கிற நாளில் கடல்காற்று மத்தியானம் தாண்டித்தான் உள்ளே வரும். அதுவரை சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

நாகப்பட்டினத்தில் விலை குறைவு. வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் போய்ப் பழகிய நம்மூர்க் குடும்பங்களுக்கு ஊரும் புதிதில்லை. ஆனால் 2004 சுனாமியில் தமிழ்நாட்டிலேயே அதிகம் இழந்தது அந்த மாவட்டம். 2018-இல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. நிலமோ டெல்டாவின் தட்டையான கடைசி முனை. அரசு மருத்துவக் கல்லூரி 2022-இல்தான் வந்தது. மாதாவைப் பார்க்கப் போவோம், குடியிருக்க வேண்டாம்.

தூத்துக்குடி மழை குறைந்த ஊர் என்று நம்பிப் போனவர்களுக்கு 2023 டிசம்பர் ஒரு பதில் சொன்னது. பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். தூரமும் அதிகம். பிள்ளைகள் அங்கே வேலையில் இருந்தால் ஒழிய எனக்குக் காரணம் தெரியவில்லை.

கொஞ்சம் ஆசை காட்டுவது நாகர்கோவில். இரண்டு பருவமழை, கண்ணுக்குப் பச்சை, சூடும் நம்மூர் அளவுக்கு இல்லை. ஆசாரிப்பள்ளத்தில் மருத்துவக் கல்லூரி, மீறினால் திருவனந்தபுரம் 70 கிலோமீட்டருக்குள். கடல் மட்டும் முரட்டுக் கடல். ஆனி, ஆடியில் மேற்குக் கரையோர ஊர்களில் அலை வீட்டு வாசலுக்கு வரும். அதனால் கடலோரத்தை விட்டு ஊருக்குள் இருப்பதுதான் அழகு. ஆனால் வேலூரில் ஒரு சாவு என்றால் ராத்திரி முழுக்கப் பயணம். காலையில் எடுத்துவிடுவார்கள். சொந்தபந்தம் குறைவாக உள்ளவர்கள் தாராளமாகப் போகலாம்.

புதுச்சேரி என்று முடிவானால் முதலில் வாடகைக்குப் போங்கள், ஐப்பசியில் குடியேறுங்கள். தை பிறந்தபின் மனை பேசலாம். பத்திரத்துக்கு முன் அந்த இடம் எந்த அரசின் கீழ் வருகிறது என்று பாருங்கள்: கோட்டக்குப்பம் விழுப்புரம் மாவட்டம், அடுத்த தெரு புதுச்சேரியாக இருக்கும். குடும்ப அட்டை அங்கே மாறினால் தமிழ்நாட்டுச் சலுகைகள் போய்விடும். உச்ச அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் இருந்தால் கடலோரத்தில் கட்டடம் கட்டுவதைக் கட்டுப்படுத்தும் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளும் சேரும். வில்லங்கச் சான்றில் அது வராது. தனியாகத்தான் விசாரிக்க வேண்டும்.