வாசலுக்கு வரும் இரத்த அழுத்த மாத்திரை: மக்களைத் தேடி மருத்துவம்

இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. காவேரிப்பட்டணம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் என் தந்தை இதன் பயனாளி. அந்த அனுபவத்தை வைத்தே இம்மதிப்புரையை எழுதுகிறேன்.

உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்தத் தொந்தரவையும் காட்டுவதில்லை என்பதால், மாத்திரை தீர்ந்ததும் உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிடுவதே எங்கள் பக்கத்து வழக்கம். மாங்காய் பறிப்பு நடக்கும் மாதங்களில் ஒரு நாள் கூலியை இழந்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் வரிசையில் நிற்க யாருக்கும் மனம் வருவதில்லை. மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் வழிவிடும் இந்த இடைவெளியை அடைத்ததே இச்சேவையின் பெரும் பயன் என்பது என் கருத்து. வீட்டுக்கு வரும் பெண் சுகாதாரத் தன்னார்வலர், "ஐயா, பழைய அட்டையைக் காட்டுங்க" என்று கேட்டு, மிஞ்சிய மாத்திரைகளைப் பார்த்த பிறகே புதியதைக் கொடுக்கிறார். மகன் சொல்லிக் கேட்காதவர் இந்தக் கேள்விக்குப் பணிகிறார்!

இரத்த அழுத்த அளவு எடுக்கும்போது மட்டும் வீட்டார் கவனம் வைக்க வேண்டும். வயலிலிருந்து வந்த கையோடு, பீடியோ டீயோ முடித்த கையோடு கையை நீட்டினால் அளவு கூடுதலாகக் காட்டும். ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து உட்கார்ந்து, கை இதய மட்டத்தில் இருக்க எடுப்பதே சரி.

சேவையின் எல்லைகளும் தெரிந்திருக்க வேண்டும். இரத்த அழுத்த மாத்திரைகளில் அம்லோடிபின் சிலருக்குக் கணுக்கால் வீக்கத்தையும், எனலாப்ரில் சிலருக்கு வறட்டு இருமலையும் தரக்கூடும். அப்போது மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் சென்று மாற்றிக்கொள்ள வேண்டும், ஏனெனில் மருந்தை மாற்றுவது தன்னார்வலரின் வேலையன்று. கொழுப்பின் அளவு இரத்தப் பரிசோதனையில்தான் தெரியும் என்பதால், குறிப்பாக 40 வயதைத் தாண்டிய சர்க்கரை நோயாளிகள், கொழுப்பைக் குறைக்கும் அட்டர்வாஸ்டேட்டின் மாத்திரை தேவையா என்று மருத்துவரிடமே கேட்டறிவது நல்லது.

உப்பு விஷயத்தில் எந்தத் திட்டமும் வாசலைத் தாண்டி அடுப்படிக்குள் வர முடியாது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவு, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள். ராகிக் களியைக் கீரைக் கடைசலோடு உண்ணும்வரை கவலை குறைவு. மாங்காய் ஊறுகாயும் கருவாடும் சேர்ந்துவிட்டால் கணக்கு எங்கோ போய்விடும். பீடியை விட்டவருக்கு ஓராண்டில் இதய நோய் அபாயம், தொடர்ந்து புகைப்பவரோடு ஒப்பிட்டால், ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. இதற்கு இணையான மாத்திரையை யாரும் வீட்டுக்குக் கொண்டுவந்து தர முடியாது.

நெஞ்சுவலி வந்தால் தன்னார்வலருக்காகக் காத்திருக்கக் கூடாது. அதற்கு 108 இருக்கிறது. 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அவற்றோடு அட்டர்வாஸ்டேட்டின் ஆகியவை அடங்கிய முதல் தவணை மருந்து ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே கொடுக்கப்படுகிறது.