மொரிஸ் மைனர் புகைத்தால்: ரிங் மாற்றுவதற்கு முன் பார்க்கவேண்டியவை

மைனர் 1000 நீலமாகப் புகைத்தால் கராஜில் முதலில் வரும் பேச்சு "ரிங் போயிட்டுது, எஞ்சின் இறக்கவேணும்" என்பதுதான். (ரிங் என்பது ஒயில் மேலே ஏறாமல் பிஸ்டனைச் சுற்றி இருக்கும் வளையம்; ஒயில் எரிந்தால்தான் புகை நீலமாகும்.) மட்டக்களப்பு வெக்கையிலும் மாரியிலும் இந்தக் காரை வருடக்கணக்கில் வைத்திருப்பவர்கள் அதை உடனே நம்பமாட்டார்கள். 1956இல் வந்த 948 சிசி, 1962இல் வந்த 1098 சிசி இரண்டிலும், புகை நீலம் என்பதைவிட எப்போது புகைக்கிறது என்பதே குற்றவாளியைக் காட்டும்.

இரவு நின்ற கார் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒருமுறை நீலமாகத் துப்பிவிட்டு அரை நிமிடத்தில் தெளிந்தால், வால்வுத் தண்டு வழியாக ஒயில் கீழே வடிந்திருக்கிறது. அக்சிலேற்றரை நெடுநேரம் விட்டுவிட்டு மறுபடி மிதிக்கும்போது புகைத்தால், தேய்ந்த வால்வு கைட் (வால்வுத் தண்டு ஓடும் குழல்) அல்லது அந்தத் தண்டின் இறுகிப்போன ரப்பர் சீல். அக்சிலேற்றரை விட்டதும் இன்லெட் பக்கம் உண்டாகும் வெற்றிடம் ஒயிலை உறிஞ்சுவதால்தான் அப்படி. பாரம் இழுக்கும்போதெல்லாம் விடாமல் புகைத்து, ஒயில் மூடியைத் திறந்தாலும் குப்குப்பென்று ஊதினால் மட்டும் ரிங்கைச் சந்தேகிக்கலாம்.

அக்சிலேற்றரை விட்டு மிதித்துப் பார்க்கும் சோதனைக்கு இறக்கம் வேண்டும். எங்கள் பக்கம் நிலமோ தட்டை. கல்முனை–அக்கரைப்பற்று வீதியில் வெறிச்சோடிய நேரம் பார்த்து, மூன்றாம் கியரில் 50 கி.மீ. வேகத்திலிருந்து, கிளச் மிதிக்காமல் காலை எடுத்து 20 வரை இறங்கவிட்டு, பிறகு முழுதாக மிதிக்கவேண்டும். பின்னால் வேறு வாகனத்தில் வருபவர் புகையைப் பார்க்கட்டும், கண்ணாடியில் சரியாகத் தெரியாது. செங்கலடி–பதுளை வீதியில் போகிறவர்களுக்கு லுணுகலையிலிருந்து பிபிலைக்கு இறங்கும் பகுதி இதைவிட நல்லது.

அடுத்தது கொம்பிரசன் கேஜ், அதாவது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தத்தை அளக்கும் கருவி. எஞ்சினைச் சூடாக்கி, நான்கு பிளக்கையும் கழற்றி, கொயில் வயரை விலக்கி, திரொட்டிலை முழுதாகத் திறந்து சுழற்றவேண்டும். பற்றரி பலவீனமாக இருந்தால் அளவு பொய் சொல்லும். எண் எவ்வளவு என்பதைவிட நான்கும் ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்குள் நிற்கிறதா என்று பாருங்கள். குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு மறுபடி அளக்கும்போது ஏறினால் ரிங் அல்லது போர் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளை). ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கட் (சிலிண்டர் ஹெட்டுக்கும் புளொக்குக்கும் இடையிலுள்ள தகடு). பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் சேர்ந்து விழுந்திருந்தால் பெரும்பாலும் ஹெட் கேஸ்கட்தான். மாரியில் மாதக்கணக்கில் நின்ற காரில் ரிங் பள்ளத்துக்குள் ஒட்டியிருக்கலாம். சில நூறு கிலோமீற்றர் ஓட்டியபின் அளப்பதுதான் நியாயம்.

பலர் பார்க்காமல் விடுவது பிரீதர், அதாவது எஞ்சினின் உள்ளழுத்தத்தை வெளியே விடும் வழி. டப்பெட் மூடியிலிருந்து வரும் குழாயும் ஒயில் மூடியிலுள்ள வலையும் அடைபட்டால் உள்ளழுத்தம் கூடும்; நல்ல ரிங்கையும் தாண்டி ஒயில் எரியும். கிராங்கின் பின்பக்கத்தில் இந்த எஞ்சினுக்கு ரப்பர் சீல் கிடையாது, ஒயிலைத் திருப்பி அனுப்பும் புரிவெட்டு மட்டுமே. அதனால் அழுத்தம் கூடினால் கிளச்சும் நனையும். அந்தக் குழாயையும் வலையையும் மண்ணெண்ணெயில் கழுவ அரை மணித்தியாலம் போதும்.

வால்வுத் தண்டின் சீல் மாற்றும்போதுதான் பெரிய பிழை நடக்கிறது. ரொக்கர் சாப்டை (வால்வுகளை அமுக்கும் கைகள் ஏறியிருக்கும் தண்டை) பிடிக்கும் நட்டுகளில் நான்கு, ஹெட்டையும் பிடிக்கின்றன. தண்ணீரை வடிக்காமல், வெளியேயுள்ள மற்ற ஐந்து ஹெட் நட்டுகளையும் தளர்த்தாமல் அவற்றை மட்டும் கழற்றினால் ஹெட் கோணும், தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கும். நீலப் புகைக்கு மருந்து பார்க்கப்போய் வெள்ளைப் புகையோடு வரவேண்டியதுதான். பிளக் ஓட்டையால் கயிறு திணித்து வால்வைத் தாங்கும் தந்திரம் வேறு எஞ்சினுக்குச் சரி. இதில் எப்படியும் ஒன்பது நட்டும் தளர்வதால், ஹெட்டைத் தூக்கி, கைட் பார்த்து, வால்வு அரைத்து, புதுக் கேஸ்கட்டோடு 40 இறாத்தல்-அடிக்கு இறுக்குவதே மேல். பிறகு எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வால்வு இடைவெளி 12 தௌ (அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கு).

கறுப்புப் புகைக்கு எஞ்சினைத் தொடவே வேண்டாம். எஸ்.யு. காபரேட்டரில் சோக் இழுத்தால் ஜெட் (பெற்றோல் வரும் துளைக்குழல்) கீழே இறங்கும். சோக்கைத் தள்ளியபின் அது முழுதாக மேலே திரும்புகிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். பிறகு எஞ்சின் ஓடும்போது காபரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை ஒரு மி.மீ.க்கும் குறைவாகத் தூக்குங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் பெற்றோல் அதிகம், எஞ்சின் அணையப் பார்த்தால் குறைவு, ஒரு கணம் கூடித் தணிந்தால் சரி. ஜெட் நட்டை ஒவ்வொரு முகமாக மட்டும் திருப்புங்கள். மேலே ஏற்றினால் பெற்றோல் குறையும்.

வெள்ளைப் புகையில், மழைக்காலக் காலை நீராவியைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஒயில் மூடியில் பால்நுரை இருந்தாலும், கிட்டக் கிட்ட ஓடும் காரில் அது வழமைதான்; டிப் ஸ்டிக்கிலும் இருந்தால்தான் பயம். றேடியேற்றர் மூடியைத் திறந்து வைத்து, குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது குமிழி விடாமல் வந்தால் கேஸ்கட் போய்விட்டது. கரையோரத்து உவர்க் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிப் பழகிய கார்களில் உப்பும் துருவும் படிந்து வழி அடைபட்டு, சூடேறித்தான் கேஸ்கட் போகிறது. அந்தக் காரில் றேடியேற்றரையும் புளொக்கையும் கழுவாமல் புதுக் கேஸ்கட் போடுவது காசுக்கு நட்டம்.

புகை நிறுத்தும் போத்தல் மருந்துகள் ஒயிலைத் தடிப்பாக்கும், அவ்வளவே. 20டபிள்யூ-50 ஒயிலுக்கு மேல் எதுவும் தேவையில்லை. உண்மையிலேயே ரிங் என்றால், போரின் மேல்விளிம்பில் தேய்மான மேடு நகத்தில் தட்டுகிறதா பாருங்கள். மேட்டை எடுக்காமல் போட்ட புது மேல் ரிங் அதில் இடித்து உடையும். போர் குடைந்து அடுத்த சைஸ் பிஸ்டன் போடச் சொன்னால், பிஸ்டன் கைக்கு வந்தபின்பே போரைக் குடையவிடுங்கள்.