மாருதி எஸ்டீமில் செகண்ட் ஹேண்ட் ரேஸ் கேம்ஷாஃப்ட்: 2 வருடம், 14,000 கிலோமீட்டர் கழித்து

போன வாரம் ஆபீஸில் ஒரு தம்பி கேட்டான். "அண்ணா, ராலி ஓட்டின எஸ்டீம்ல இருந்து கழட்டின கேம்ஷாஃப்ட், எட்டு வால்வ் ஸ்பிரிங், எல்லாம் சேர்த்து ஒம்பதாயிரத்துக்கு வருதுங்க. வாங்கிப் போடட்டுங்களா?" அதே மாதிரி சாமான் போட்ட என் எஸ்டீமின் வால்வ் கவர் (இன்ஜினின் மேல் மூடி) அன்றைக்கு மறுபடியும் திறந்து கிடந்தது. கோபத்தில் பதில் சொல்ல வேண்டாம் என்று ஒரு வாரம் தள்ளிப் போட்டேன். கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை, ஆனாலும் நியாயமாகவே சொல்லப் பார்க்கிறேன்.

என்னுடையது 1997 மாடல், கார்புரேட்டர் வண்டி. 1298 சிசி, எட்டு வால்வ். இந்த இன்ஜினைப் பற்றி அவனுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

முதலில் கேம், அதாவது வால்வுகளைத் திறந்து மூட வைக்கும் கேம்ஷாஃப்ட். கோவையில் ரேஸ் வேலை தெரிந்த பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. செட்டிபாளையம் ரேஸ் டிராக் பக்கத்திலேயே இருப்பதால் கழற்றிப் போட்ட சாமானும் நிறையப் புழங்கும். நான் வாங்கியது கம்பெனி கேமையே கிரைண்ட் செய்து மாற்றியது. இதில் முக்கியமான விஷயம், மூக்கில் (வால்வைத் திறக்கத் தள்ளும் மேட்டில்) புதிதாக உலோகம் சேர்ப்பதில்லை. மூக்கு இல்லாத பக்கத்து அடிவட்டத்தைத் தேய்த்துச் சிறிதாக்கித்தான் தூக்கலை (வால்வ் திறக்கும் அளவை) கூட்டுகிறார்கள். அதனால் கேமுக்கும் வால்வுக்கும் நடுவே இருக்கும் ராக்கர் கொஞ்சம் சாய்ந்து உட்காரும், ராக்கரின் நுனியில் வால்வைத் தள்ளும் டேப்பெட் ஸ்க்ரூ வழக்கத்தைவிடக் கீழே இறங்கி நிற்கும், அதன் முனை வால்வ் தண்டின் நுனியில் நடுவில் படாமல் ஓரமாக உரசும். என் வண்டியில் ஸ்க்ரூ இரண்டு சுற்று கூடுதலாக இறங்கியிருக்கிறது. 3,000 கிலோமீட்டருக்கு ஒரு தரம் டேப்பெட் இடைவெளி பார்க்காமல் விட்டால் தையல் மெஷின் மாதிரி சத்தம் கேட்கும்.

ஆனால் விற்றவர் ஒரு நல்ல காரியம் செய்தார். அந்தக் கேமோடு ஓடிய ராக்கர் ஆர்ம் எட்டையும் வரிசை எண் எழுதி டேப் சுற்றிக் கொடுத்தார். ஒரு மூக்கோடு தேய்ந்து பழகிய ராக்கரை வேறு மூக்கில் உட்கார வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். பழைய கேம் வாங்குகிறவன் முதலில் கேட்க வேண்டியது ராக்கரைத்தான். 14,000 ஓடிய பிறகும் என் கேமின் மூக்கில் நகத்தை வைத்து இழுத்தால் எங்கும் தட்டவில்லை.

மாட்டும்போது ஹெட்டை (வால்வுகள் இருக்கும் இன்ஜின் மேல்பகுதியை) இறக்கி வால்வ் லேப்பிங் (வால்வ் கசிவில்லாமல் உட்காரத் தேய்ப்பது), புது ஆயில் சீல் எல்லாம் செய்தோம். பிஸ்டன் தலையில் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை ஒட்டி, பழைய கேஸ்கட்டோடு ஹெட்டை முடுக்கி, கையால் இரண்டு சுற்று சுற்றித் திறந்து பார்த்தோம். வால்வ் பதிந்த இடத்தில் களிமண்ணை பிளேடால் வெட்டி அளந்தால் மெல்லிய இடத்திலேயே 2 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தது. போதும். கம்பெனி கேமைவிட இதில் வால்வ் சுமார் 1 மில்லிமீட்டர் கூடத் திறக்கிறது, இந்தச் சோதனையைச் செய்யாமல் மாட்டவே கூடாது.

அப்புறம் முதல் ஓட்டம். 3,500 ஆர்பிஎம் தாண்டியதும் வண்டி வேறு வண்டியாகிவிட்டது. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறும்போது இரண்டாவது கியரிலேயே பிடித்து, ஒவ்வொரு வளைவிலிருந்தும் வெளியே வரும்போது அது இழுக்கிற இழுப்பும் கார்புரேட்டர் உறிஞ்சுகிற அந்தச் சத்தமும்! இருபது வருடத்துக்கு மேல் பழசான கார் இப்படி ஓடும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

ஊருக்குள் கதை வேறு. ஐட்லிங்கில், பிரேக் மிதிக்கத் துணை செய்யும் இன்ஜின் வேக்குவம் (உறிஞ்சும் விசை) குறைந்துவிட்டது. அவிநாசி ரோட்டு நெரிசலில் ஏசி போட்டுக்கொண்டு நகர்ந்தால் பிரேக் பெடல் கல் மாதிரி இருக்கும், அழுத்தி மிதிக்க வேண்டும். ஐட்லிங்கை 1,100க்கு ஏற்றியதும் ஓரளவு சரியானது. மைலேஜ் 14லிருந்து 11க்கு வந்துவிட்டது. இதெல்லாம் தெரிந்தே வாங்கியது, குறை சொல்ல மாட்டேன்.

கோபமெல்லாம் ஸ்பிரிங் மேல்தான்.

கேமோடு வந்த எட்டு ஸ்பிரிங்கும் பளபளவென்று இருந்தன. அந்தப் பளபளப்பை நம்பியது என் தப்பு. மாட்டியதிலிருந்தே 5,500க்கு மேல் இன்ஜின் உதறும். கேம் திரும்புகிற வேகத்துக்கு வால்வ் திரும்பி உட்காரவில்லை. நான் கார்புரேட்டர் ஜெட்டை மாற்றினேன், இக்னிஷன் டைமிங்கைத் திருப்பினேன், கேபிள் மாற்றினேன், ஆறு மாதம் இப்படியே போனது. 9,000 கிலோமீட்டரில் ஒருநாள் மூன்றாவது சிலிண்டர் மிஸ்ஸிங். ஸ்பார்க் நன்றாக வருகிறது, பிளக்கும் புதுசு. வால்வ் கவரைத் திறந்தால் ஒரு ஸ்பிரிங் மட்டும் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. அடிச்சுருள் உடைந்து, மேல் துண்டு அதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. ஸ்பிரிங்கை வால்வோடு பிடித்து வைக்கும் வால்வ் லாக் கழன்று வால்வ் உள்ளே விழாமல் போனது பெரிய புண்ணியம்.

உடைந்த இடத்தில் கடுகளவு ஒரு துருக்குழி. விற்பதற்கு முன் யாரோ துருவைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கியிருக்கிறார்கள். துருக்குழியும் பிரஷ் கீறலும் இருக்கிற இடத்தில்தான் ஸ்பிரிங் வெடிக்கத் தொடங்கும். மீதி ஏழையும் டிரில்லிங் மெஷினில் வைத்து, அடியில் எடைத் தராசு வைத்து, ஒரே உயரத்துக்கு அழுத்திப் பார்த்தோம். ஐந்து 30 கிலோவை ஒட்டிக் காட்டின, இரண்டு 23தான். இதைக் கால் மணி நேரத்தில் முதல் நாளே செய்திருக்கலாம்.

சரி, புது ரேஸ் ஸ்பிரிங் வாங்கப் பணமில்லை. மெக்கானிக் அண்ணன்தான் சொன்னார், "கம்பெனி ஸ்பிரிங் புதுசு போடுங்க, பாத்துக்கலாம்." ஒன்றை வைஸில் வைத்துச் சுருள்கள் ஒட்டும்வரை அழுத்தி அளந்தோம். இந்தக் கேமின் முழுத் தூக்கலிலும் சுருள்கள் ஒட்ட 1 மில்லிமீட்டருக்கு மேல் மிச்சம் இருந்தது. ஹெட்டை இறக்கவே இல்லை. பிளக் ஓட்டை வழியாக நைலான் கயிற்றை உள்ளே திணித்து, பிஸ்டனை மேலே ஏற்றினால் ஸ்பிரிங்கைக் கழற்றும்போது வால்வ் உள்ளே விழாமல் கயிறு தாங்கிக்கொள்ளும். ஒவ்வொரு சிலிண்டராக மாற்றினோம். சாமானும் கூலியும் சேர்த்து 4,100 ரூபாய்.

அந்த உதறல் போயே போய்விட்டது. 6,000 வரை சுத்தமாக ஓடுகிறது. அதற்கு மேல் நான் விரட்டுவதில்லை. களைத்துப் போன ரேஸ் ஸ்பிரிங்கைவிடப் புதிய சாதா ஸ்பிரிங் எவ்வளவோ மேல். போன வாரம் வால்வ் கவரை மறுபடி திறந்தது டேப்பெட்டுக்காகத்தான். ஸ்க்ரூ முனை உரசி ஒரு வால்வ் தண்டின் நுனியில் பள்ளம் விழத் தொடங்கியிருக்கிறது. அடுத்த செலவு அதுதான்.

ஆக, தம்பிக்கு என் பதில்: வேண்டாம்டா. அந்த ஒன்பதாயிரத்துக்கு டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப் மாற்று, கார்புரேட்டரைச் சர்வீஸ் பண்ணு. நீ தினமும் ஊருக்குள் ஓட்டுகிறவன். என் கேமைக் கழற்றுவாயா என்று கேட்காதே, கழற்ற மாட்டேன். ஒரு ஞாயிறு விடிகாலை வா, கோத்தகிரி போவோம். சாவியை உன்னிடமே தருகிறேன்.